பதினாறு பேப்பர்

தன் இடத்தில் எவனோ ஒருவன் தூங்கிக்கொண்டிருந்ததைச் செங்கொடி பார்த்தபோது, பரீட்சை தொடங்கப் பதினைந்து நிமிடம்தான் இருந்தது.

ராயபுரத்தில் அது ஒரு பழைய பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில், ஜூன், டிசம்பர் மாதங்களில் மட்டும் தபாலில் பி.பி.ஏ. படிக்கும் பெரியவர்கள் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்து பரீட்சை எழுதுவார்கள். வெளியே ஜூன் மாதத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத மழை. உள்ளே, அவளுடைய நம்பர் ஒட்டிய பெஞ்சில் கன்னத்தை வைத்து நிம்மதியாக ஒரு தூக்கம்...

"ஹலோ... எழுந்திருங்க. இது என் நம்பரு."

அசைவில்லை. ஸ்கேலால் பெஞ்சில் தட்டினாள்.

"இது இன்னா உங்க வூடா, காலை நீட்டிக்கினு தூங்க?"

"வூட்ல தூங்க எங்க டைம் கீது மேடம்..." அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். "நைட்டு டூட்டி முடிச்சிட்டு நேரா இங்க வந்துகினேன். என் நம்பரு பின்னாடி. அங்க ஜன்னலாண்ட சாரல் அடிக்குது, அதான்..."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். ராத்தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள். ஆனால் அந்தச் சிவப்புக்குள்ளேயும் ஒரு சிரிப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திட்டுவதற்கு வைத்திருந்த அடுத்த வார்த்தை அவளுக்கு மறந்துபோனது. 'நிதி மேலாண்மை ஞாபகம் இருந்தா சரி' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

பரீட்சை முடிந்தும் மழை விடவில்லை. வராந்தாவில் ஒதுங்கியபோது பக்கத்தில் அவனும் வந்து நின்றான். பெயர் ஜெரி. மாதா கோயில் பின்னால் வீடு, அப்பா இன்னாசிக்குக் காசிமேட்டில் படகு வேலை, இவனுக்குத் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க் வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் எழுதி வைப்பதுதான் டாலி.

"நம்பர் எழுதறதுக்கு ஒரு ஆளா?" என்று சீண்டினாள்.

"சும்மா இல்ல மேடம். பொட்டில ஏழு நம்பரு இருக்கும். கடைசி நம்பரு தானா வந்தது இல்ல, முன்னாடி கீறத எல்லாம் பெருக்கிக் கூட்டினா வர்றது. எவனாவது ஒண்ண மாத்தி எழுதினா கடைசி நம்பரு காட்டிக் குடுத்துடும். நான் மனசுலயே போட்டுப் பாத்துடுவேன்."

நம்பாமல், சாலையில் நெரிசலில் நின்ற ஒரு டிரெய்லரைக் காட்டினாள். அவன் நின்ற இடத்திலிருந்தே கடைசி எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து "நாலு" என்றான். கையை எடுத்தான். நாலுதான்.

அவளும் தன் கதையைச் சொன்னாள். வழக்கமாக யாரிடமும் சொல்லாத கதை. தொண்ணூற்று ஐந்தில் பி.காம். சேர்ந்தாள். இரண்டு வருடம், பதினாறு பேப்பர், ஒன்றுகூட அரியர் இல்லை. அப்பா கிருஷ்ணப்பன் வேலை செய்த மில்லை மூடினார்கள். படிப்பு அதோடு நின்றது. கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் டைப் அடிக்கப் போனாள். ஏழு வருடம் கழித்துத்தான், அந்தப் பதினாறு பேப்பரையும் இந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், மீதி எட்டை எழுதினால் பட்டம் என்று தெரிந்தது. மாற்றிய பேப்பருக்கு எட்டு வருடம்தான் ஆயுள். இந்த டிசம்பரோடு முடிகிறது.

"இன்னிக்கி எழுதனது எட்டாவது," என்றாள். "இது பாஸானா எங்க ஆபீஸ்ல என்னை டைப்பிங்லேந்து தூக்கி அசிஸ்டென்ட்டா போடறேன்னிருக்காங்க."

"பாஸாயிடுவீங்க," என்றான் ஜெரி. ஏதோ பெட்டி நம்பரைச் சொல்வது போல அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. பாஸ். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக் முழுக்கக் கிருஷ்ணப்பன் லட்டு கொடுத்தார். வாட்ச்மேன் யூனிபார்மோடு மாடிப்படி ஏறி ஏறி, "எம்பொண்ணு பட்டதாரி" என்று வீட்டுக்கு வீடு சொன்னார். சான்றிதழுக்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த விண்ணப்பத்தை வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பள்ளிக்கூடத்தில் நடக்கும் படிப்பு மையத்துக்குப் போனாள். ஜெரி அங்கே இருந்தான். அவனுக்கு இன்னும் நாலு பேப்பர் பாக்கி, ஞாயிறுதோறும் வகுப்பு.

"அப்ப இனிமே இந்தப் பக்கம் வர மாட்டீங்க," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கண்ணில் அந்த விளக்கு அணைந்திருந்தது.

அந்தக் கணத்தில்தான் அவள் வாயில் அந்தப் பொய் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"எங்க போறது... ஆபீஸ்ல அம்பது பர்சென்ட் இருந்தாத்தான் அசிஸ்டென்ட்னு சொல்லிட்டாங்க. எனக்கு நாப்பத்தெட்டுதான் வருது."

அப்படி யாரும் சொல்லவில்லை. பாஸ் போதும் என்றுதான் ஆபீஸில் சொன்னார்கள். அவளுக்கு வந்ததும் நாற்பத்தெட்டு இல்லை.

விளக்கு திரும்ப எரிந்தது. "இதுக்கா இவ்ளோ பேஜாரு? எதுல கம்மி?"

"கணக்குல. பழைய காலேஜ்ல எழுதனது, நாப்பத்தியொண்ணு."

"அத டிசம்பர்ல இன்னொரு தபா எழுதுங்க. எங்க யார்டுல நாலு பேரு அப்படித்தான் எழுதினாங்க. ரெண்டுல எது ஜாஸ்தியோ அதத்தான் எடுத்துக்குவாங்க. நான் சொல்லிக் குடுக்கறேன்."

அந்த நாலு பேரும் எல்லாப் பேப்பரையும் இங்கேயே எழுதினவர்கள். வெளியிலிருந்து பேப்பரை மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு விதி வேறு. அது இருவருக்கும் தெரியாது. விதிப் புத்தகம் அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. திறந்து பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவள் திறக்கவில்லை.

விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தாள். டிசம்பர் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள்.

அதன் பிறகு பதினேழு ஞாயிறு. வகுப்பு முடிந்ததும் பள்ளி வாசல் வாதாமரத்தடியில் இரண்டு மணி நேரம். கூட்டு வட்டி, தள்ளுபடி, வரிசை மாற்றம்... காற்றில் காசிமேட்டு மீன் வாடை. அவன் கணக்குப் போடும்போது உதட்டைக் கடிப்பான். அவள் விடையைப் பார்க்காமல் அதைப் பார்ப்பாள்.

"மேடம், விடை என் மூஞ்சில இல்ல, நோட்டுல கீது."

"மூஞ்சில ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும்."

"பாத்துகினே சொல்றீங்களே..."

காதல் என்ற சொல்லை இருவரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளைகள். சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

டிசம்பரில் பரீட்சை அன்று வியாசர்பாடியே தண்ணீரில் கிடந்தது. விடிகாலையிலிருந்து அம்மா சொக்கம்மாளோடு சேர்ந்து கீழ்வீட்டு மூட்டை முடிச்சுகளை மாடிக்கு ஏற்றினாள். கணேசபுரம் சப்வே மூழ்கியிருந்தது. பஸ் இல்லை. ஹால் டிக்கெட்டைப் பாலிதீன் கவரில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மூலக்கொத்தளம் சுடுகாட்டு மதிலை ஒட்டி இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வந்தாள். அரைமணி தாமதம். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் உள்ளே விட மாட்டார்கள்.

பள்ளி வாசலில் குடையோடு ஜெரி நின்றிருந்தான். அவனுக்கும் அன்று பரீட்சை. உள்ளே போகாமல் நின்றிருந்தான்.

"உங்களுக்கு பைத்தியமா... போய் எழுத வேண்டியதுதான?"

"வருவீங்கன்னு தெரியும்," என்றான். குடையை அவள் பக்கம் சாய்த்தான். அவன் தோள் முழுக்க நனைந்தது. அந்த ஐம்பது அடி தூரம்தான், வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டு நடந்த தூரம்.

விரல் விறைத்துப்போய் எழுத முடியவில்லை. கூட்டு வட்டி பாதியிலேயே நின்றது.

மார்ச்சில் அவன் எழுதிய மூன்று பேப்பரிலும் பாஸானான். அவளுக்கு முப்பத்து மூன்று வந்தது. 'பரவால்ல, பழைய நாப்பத்தியொண்ணு இருக்கே' என்று ஆறுதலாக இருந்தாள். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மாற்றிக்கொண்ட பேப்பரை மறுபடி எழுதினால் பழைய மதிப்பெண் ரத்து. ஆகவே பட்டம் முடியவில்லை. முடியாத நிலையில் எட்டு வருடம் தீர்ந்ததால் மற்ற பதினைந்தும் செல்லாது. நான்கு வரிதான் கடிதம்.

"சர்டிபிகேட் எப்பம்மா வரும்?" என்று கிருஷ்ணப்பன் கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் வெகுநேரம் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார். போகும்போது வழக்கமாக எல்லாரிடமும் பேசிக்கொண்டு போகும் மனிதர், அன்று யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். அந்த முதுகைப் பார்த்தபோது செத்துப்போய்விடலாம் என்று தோன்றியது அவளுக்கு.

ஆபீஸில் அசிஸ்டென்ட் நாற்காலிக்கு ஹில்டா என்ற புதுப்பெண் வந்தாள். அவளுக்கு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை செங்கொடிக்கு.

ஜெரி தேடி வந்தான். கடிதத்தைப் படித்தான்.

"நான்தான... நான்தான எழுதச் சொன்னேன்."

'இல்லை' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்களைப் பார்க்க ஆசைப்பட்டுப் பொய் சொன்னேன், அதற்கு என் அப்பாவின் லட்டையெல்லாம் விலையாகக் கொடுத்தேன் என்றா? அந்த வெட்கத்தைவிட அவன் மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

"இனிமே வராதீங்க," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பழியை வாங்கிக்கொண்டு போகிற முதுகு... அப்பாவுடையதைப் போலவே இருந்தது.

ஒரு மாதம் அழக்கூட வரவில்லை. சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. பத்து மணி ஆனதும் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

ஏப்ரலில் பழைய மதிப்பெண் தாள்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி மையத்திலிருந்து ஆள் விட்டார்கள். வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அங்கே பெருக்கும் கெங்கம்மா அவளைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"இன்னாம்மா, நீயும் வரல, அந்த ஜெரித் தம்பியும் ஜூன் பரீட்சைக்கிப் பேரு குடுக்கல. ஒரே ஒரு பேப்பருதான் அதுக்கு பாக்கியாம். 'ஒரு பொண்ணோட பதினாறு பேப்பர நான் அழிச்சிட்டேன் கெங்கம்மா, எனக்கு இன்னாத்துக்கு பட்டம்'னு சொல்லிட்டுப் பூட்ச்சி. நாளையோட கடைசி நாளு."

செங்கொடி மதிப்பெண் தாள்களை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரை வரிசையாக நின்றன. பஸ் நகரவில்லை. இறங்கி, லாரிகளுக்கும் புழுதிக்கும் நடுவே நடந்தாள். யார்டு கேட்டில், கையில் அட்டையோடு ஒவ்வொரு பெட்டியாக நம்பர் எழுதிக்கொண்டிருந்தான் ஜெரி. இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் பேனா நின்றது.

"வராதீங்கன்னு சொன்னீங்க. நான் வரல," என்றான் மெல்ல.

அவள் தாள்களை நீட்டினாள். "கூட்டிப் பாருங்க."

"இன்னாது?"

"இருபத்திநாலு பேப்பரும் இதுல இருக்கு. ஆகஸ்ட் மாசம் எனக்கு இன்னா பர்சென்ட்டுன்னு கூட்டிப் பாருங்க. நீங்கதான் மனசுலயே போடுவீங்களே."

அவன் கண் தாள்களின் மேல் இறங்கியது. உதட்டைக் கடித்தான். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அவன் திரும்பவில்லை. முதல் தாள், இரண்டாம் தாள், கடைசித் தாள்... மறுபடி முதலிலிருந்து.

"ஆயிரத்தி எரநூத்தித் தொண்ணூத்தாறு," என்றான். "அம்பத்திநாலு பர்சென்ட் வருது."

"ஆமா."

"நாப்பத்தெட்டுன்னு சொன்னியே..." முதல் தடவையாக 'நீ' வந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"பொய். ஆபீஸ்ல அம்பதும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. எல்லாம் முடிஞ்சி போச்சி ஜெரி, ஆகஸ்ட்லயே நான் பாஸு. நீ 'இனிமே வர மாட்டீங்க'ன்னு சொன்னப்போ..." அவன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம வர்றதுக்கு எனக்கு வேற காரணம் தெரியல."

அவன் தாள்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தான்.

"இதுக்காடி பதினாறு பேப்பரக் குடுத்த?"

"குடுக்கணும்னு குடுக்கலியே. போயிடும்னு தெரியாது. தெரிஞ்சப்புறம் உன் தலையில போட்டுட்டேன். நீ வாங்கிக்கினு போனியே... எப்படிடா வாங்கிக்கினு போன?"

"நான் மட்டும் இன்னா..." அவன் அட்டையைக் கீழே இறக்கினான். "போவாத, எனக்கு உன்ன புடிச்சிருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம். கணக்கு சொல்லிக் குடுக்கறேன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். ஒரு மாதமாக வராதது மொத்தமாக வந்தது. கேட்டில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் பார்க்க, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தப் புழுதியில் நின்று அழுதாள். அவன் அட்டையைத் தூக்கி அவள் தலைக்கு வெயில் மறைத்தான்.

"பட்டம் போனா போவுதுன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் விம்மலுக்கு நடுவே. "எனக்கு அது வேணும். எங்க அப்பாவுக்கு வேணும். இனிமே மொதல்லேந்து எழுதினாலும் அந்த ரெண்டு வருஷம் வராது. நாளைக்கி நீ போயி பேரு குடு, அதையும் போக்கிடாத. எனக்கு ரெண்டும் வேணும் ஜெரி... அதுவும் வேணும், நீயும் வேணும்."

அவன் மதிப்பெண் தாள்களை ஓரம் மடங்காமல் அடுக்கி அவள் கையில் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஒண்ணு போச்சி," என்றான். "இன்னொண்ணு இங்கதான் கீது."