நிலாக்காரர்களுக்கு நகம் இல்லை

ஆடி அமாவாசையன்று காலையில் கோமளவல்லி குளத்தில் போட்ட வெல்லம் கரையவில்லை.

உடம்பில் மரு இருப்பவர்கள் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் மருவும் கரைந்துபோகும் என்பார்கள். அவளுக்குப் பிடரியில் ஒன்று, சுண்டைக்காய் அளவு. தர்ப்பணம் முடித்து ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த ராமபத்ரன் பார்த்தான். சுற்றிலும் மற்றவர்கள் போட்ட வெல்லமெல்லாம் பழுப்புப் புகையாகக் கலங்கி இறங்கிக்கொண்டிருக்க, தன் மனைவி போட்ட கட்டி மட்டும் நீருக்கடியில் படிக்கட்டின்மேல் விளிம்புகூட மழுங்காமல் கிடந்தது. வெல்லத்துக்கு மொய்க்கிற மீன்கள் அதை விட்டு விலகி நின்றன.

"பெருமாள் எனக்கே திருப்பிக் குடுத்துட்டார் போலிருக்கு" என்றாள்.

குளத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாதே என்று அவன் வாயெடுப்பதற்குள், யார் காலாவது பட்டுவிடப் போகிறது என்று குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரசாதம்போல் வாயில் போட்டுக்கொண்டாள். வாயில் உடனே கரைந்துவிட்டது.

நிலவில் மனிதன் இறங்கிய வருஷம் அது. போய்த் திரும்பியவர்களை, ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று அமெரிக்காவில் பூட்டிவைத்திருந்தார்கள். அதைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து ராமபத்ரனுக்கு வேறு நினைப்பில்லை. வேற்றுக் கிரகத்தில் உயிர் இருந்தால் அதற்கு எலும்பு இருக்குமா, எதனால் மூச்சு விடும், எப்படிக் குட்டி போடும்? காக்களூரில் அவன் ஸ்டோர் கிளார்க்காக இருந்த பட்டறையில், சோற்றுவேளையில் லேத் ஓட்டும் ஜோசப்பைப் பிடித்து உட்காரவைத்து இதையேதான் பேசுவான். அமாவாசைக்கு மறுநாளும் அப்படித்தான்.

"இன்னா அய்யரே, நிலாக்காரனுக்கு மூக்கு வச்சிட்டியா இல்லியா?"

"அய்யங்கார்ப்பா. எத்தனை தடவ சொல்றது. காத்தே இல்லாத எடத்துல மூக்கு எதுக்கு?"

"அப்ப ஜலுப்பு புடிக்காது. குடுத்து வச்சவன்."

"உருவமே இருக்கணும்னு என்ன? தண்ணியாட்டம் இருக்கலாம். எந்தப் பாத்திரத்துல விட்டாலும் அந்தப் பாத்திரம்."

"அப்ப தான் இன்னான்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? பக்கத்துல ஒருத்தன் குந்திக்கினு, இது உன் கை, இது உன் காலுன்னு சொல்லிக்கினே இருக்கணும்" என்று ஜோசப் கருவாட்டைக் கடித்தபடி சிரித்தான். "உங்க ஊட்டம்மா இதெல்லாம் கேட்டுக்கினா கீறாங்க?"

"அவளா? காதைப் பொத்திப்பள்."

அன்று சாயங்காலம் அவளாகவே கேட்டாள்.

மரு போயிருந்தது. "தொட்டுப் பாருங்கோ" என்று கழுத்தைக் காட்டினாள். தொட்டான். துலக்கிக் கவிழ்த்த பாத்திரத்தின் அடிபோல், சில்லென்று, பூனைமயிர்கூட இல்லாமல் வழவழத்தது. அவன் கையை எடுப்பதற்குள் அவள் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன்னா, நிலாக்காரா எப்படி இருப்பா? சொல்லுங்கோ."

கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத கேள்வி. அவனுக்கு உள்ளம் குளிர்ந்துபோய்விட்டது. கிள்ளுவதற்கும் சொறிவதற்கும் அங்கே என்ன இருக்கிறது, அதனால் அவர்களுக்கு நகம் கிடையாது என்று ஆரம்பித்து வெகுநேரம் சொன்னான். அவள் தன் கையை விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் காபி டம்ளரை நீட்டிய விரல்களில் நகம் இல்லை. காயம் இல்லை. பிடுங்கிய தடமும் இல்லை. என்றுமே இருந்திராததுபோல, உருகி ஆறிய மெழுகின் முனைகளாக ஐந்தும் டம்ளரைச் சுற்றியிருந்தன. டம்ளரை வாங்கினான். குடிக்காமலே கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினான்.

"இன்னா சாமி, பேஜாரா கீற?" என்றான் ஜோசப், மத்தியானம். "நிலாக்காரன் செத்துட்டானா?"

"ஒண்ணுமில்லை."

"ஊட்ல சண்டையா? நேரா போயி பேசு. பேசுனா எல்லாம் சரியாப் பூடும்."

பேசினால். அந்த ஒரு சொல்லைத்தான் ராமபத்ரன் பிடித்துக்கொண்டான். பேச்சில் போனது பேச்சில் திரும்பாதா? அவனுக்கு அவள் வேண்டும். காதைப் பொத்திக்கொள்கிற கோமளம் வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுப் படியேறும்போது ஆடிக் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. உள்ளே தாளித்த வாசனை இல்லை, சாம்பிராணி இல்லை. புதிதாகத் தோண்டிய கிணற்றின் ஈரமண் வாசனைதான் கூடம் முழுவதும். உள்ளறையில் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. சற்றுக் கழித்து இன்னொன்று.

"கோமளம்."

"வந்தேளா? உக்காருங்கோ. நேத்து விட்ட எடத்திலேருந்து சொல்லுங்கோ."

குரல் அவளுடையதுதான். வருகிற இடம்தான் தாழ்வாக இருந்தது. தரையை ஒட்டி.

"நேத்து சொன்னது தப்பு" என்றான். "நகம் உண்டு. பத்து விரலுக்கும் உண்டு."

இருட்டில், முறத்திலிருந்து அரிசியை உதிர்த்ததுபோல் மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு நகங்கள் தரையைக் கீறிப் பார்த்தன.

"அப்புறம்?"

"எல்லாம் உன்னாட்டம்தான். அப்படியே உன்னாட்டம்."

"அவளாட்டமா?" என்றது குரல். "அவ எப்படி இருப்பா?"

சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் போதும்.

"கண்ணு ரெண்டு."

"பெரிசா?"

பெரிசுதானா? "பெரிசு."

ஈரமாக ஏதோ திறந்துகொண்டது.

"மூக்கு. மூக்கு வந்து... எடுப்பா."

புருவத்தில் ஒரு தழும்பு. இடதா? வலதா? காது எப்படி? தெரியவில்லை. அவள் காபி நீட்டும்போது அவன் முகத்துக்கு நேரே பேப்பர் இருக்கும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்பைப் பார்த்து நிற்கும் முதுகு.

"ஏன் நிறுத்திட்டேள்?"

நெருப்புப் பெட்டியைத் தடவி எடுத்தான். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பிடித்தது.

அது வெளிச்சத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தது. பெரிய கண்கள். மிகவும் பெரியவை. இமை இல்லை. அவன் இமை என்று சொல்லவில்லை. எடுப்பான மூக்கு.

"அவ சிரிச்சா எப்படி இருப்பா?" என்று தொண்டைக்குழிக்குள்ளிருந்து கோமளத்தின் குரல் கேட்டது.

மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. வழவழவென்ற ஈரத் தோல் மட்டும், அவன் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தது.