பெரியவர் நினைத்த நாய்

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவருடைய தங்கை, கணவனை இழந்தவள். தங்கையின் மகள், பெரியவரை ஃபோன் போட்டு வரவழைத்தவள். நாய் எதுவும் இல்லை. தங்கை தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துத் தோட்டத்தில் புதைக்கப்பட்டு, கடைசியாகப் போனதன் மேல் புல்லும் முளைத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் கால் வைத்தபோது தரை ஓரிடத்தில் மட்டும் ஈரமாக இருந்தது. துடைத்த ஈரம் அல்ல. நக்கிய ஈரம்.

அவர் காலை மிதியடியில் அழுத்தித் தேய்த்தார். வீடு பெருக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததும் மனசுக்குச் சற்று இதமாக இருந்தது.

சுவரைப் பார்த்ததும் அந்த இதமும் போயிற்று. கோட்டும் டையுமாக அப்பாவின் படம். அதை ஒட்டி, அதே அளவுச் சட்டத்தில், அதே கண்ணாடி போட்டு, மூன்று நாய்கள்.

"அப்பா பக்கத்துல நாயா?"

"அப்பா அந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கார் அண்ணா. அவருக்குத் தெரியாது" என்றாள் தங்கை.

பெரியவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மூன்று படங்களையும் விரல் நுனியால் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி அலமாரிக்குள் வைத்து மூடினார். கழற்றும்போதுகூட அவற்றைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அவற்றில் என்ன இருக்கிறது?

தங்கை தடுக்கவில்லை. "எனக்குப் படம் வேண்டியதில்ல" என்று மட்டும் சொன்னாள்.

சமையலறையில் மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பொழுது சாஞ்சா அம்மா உக்காந்துடறாங்க மாமா. செத்துப்போன நாய்ங்களோட ஒவ்வொண்ணா பேர் சொல்லிப் பேசறாங்க. பக்கத்து வீட்டுல என்கிட்டயே கேக்கறாங்க, உங்க அம்மா யாரோட பேசறாங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"டிவின்னு சொன்னேன்."

"நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் ஊர் சிரிக்க வாழ்ந்ததில்ல. நாளைக்குக் காலைல உங்க அம்மா என்கூட வர்றா. இன்னிக்கே இந்தக் கூத்தை முடிச்சு வைக்கறேன்."

பொழுது சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை வருமா வராதா என்ற மாதிரி ஒரு வெளிச்சம். தங்கை விளக்கைப் போடாமல் கூடத்தின் நடுவில், வெறுந்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பெரியவர் எதிரே சாய்வு நாற்காலியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து இருந்தார். அவருக்குச் சாய்ந்து உட்காரும் பழக்கம் என்றைக்கும் கிடையாது.

"வக்கீல் பஸ் டிப்போ பின்னாடி கிடந்தான்" என்று தங்கை ஆரம்பித்தாள், தலை வாரிவிடுகிறவளின் குரலில். "கழுத்துல கம்பி, ரெண்டு சுத்து. வெட்டி எடுக்கறப்போ என்னைக் கடிச்சான். கடிச்ச இடத்தை உடனே அவனே நக்கினான். கம்பி இருந்த இடத்துல கடைசிவரைக்கும் முடி முளைக்கல. தூங்கறப்போ இடது காது மட்டும் உள்பக்கமா மடங்கிக்கும். ரெண்டு தடவை குரைச்சுட்டு, பதிலுக்குக் காத்திருப்பான்."

நாய்க்கு வக்கீல் என்று பேர். இரண்டு தலைமுறை வக்கீல்கள் பிறந்த குடும்பத்தில். பெரியவர் உதட்டைச் சுழித்தார். சுழித்த உதடு அப்படியே நின்றது. வாசல் பக்கத்து மிதியடியில் ஏதோ கனமான ஒன்று தன்னைத்தானே தொப்பென்று போட்டுக்கொண்டு, மூக்கு வழியாக நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

எலி, என்று சொல்லிக்கொண்டார்.

"நொண்டிக்கு லாரிச் சக்கரத்துல போனது பின் வலது கால். மூணு காலோட நாலு கால் நாயைவிட வேகமா ஓடுவா, அதுவும் மழைன்னா போதும்."

தட், தட், இடைவெளி, தட். நகங்கள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தன. நாற்பது வருஷம் வண்டிச் சத்தத்தை வைத்தே எந்தப் பெட்டியில் கோளாறு என்று சொன்ன காது அது. மூன்று காலை நான்கு என்று அது ஒருநாளும் கேட்காது. மழையில் நனைந்த ரோமத்தின் வாசனை, அடைத்த அறையில் காயாத கம்பளியைப் போல, மெல்ல எழுந்து வந்தது.

"பாட்டி குருடு. ஆஸ்பத்திரி வாசல்ல கோணில கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. கையை மோந்து பாத்துட்டுத்தான் வாலாட்டுவா. யார் உக்காந்தாலும் அவங்க பாதத்து மேல தாடையை வச்சுக்குவா."

தங்கையின் புடவைக் கரை அவள் பாதத்தின் மேல் தானாக அமுங்கியது. அமுங்கியே இருந்தது. அவள் குனியாமல் கையை மட்டும் தாழ்த்தி, காற்றில், காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுகிற மாதிரி விரல்களை அசைத்தாள். அவள் முகம் நன்றாகத்தான் இருந்தது. பைத்தியக்காரியின் முகம் இல்லை. பெரியவருக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

பயத்தை ஒப்புக்கொள்கிற வழக்கம் அவரிடம் இல்லை. அதனால் கோபப்பட்டார்.

"போதும். செத்த நாயை வச்சுக்கிட்டுச் சீராட்டு. இதுல என்ன பெரிய வித்தை? நானும் நினைக்கறேன், கேளு. ஒரு நாய். உடம்பெல்லாம் சொறி. கால் மூணோ நாலோ அஞ்சோ, எண்ணிப் பாக்கறதுதான் எனக்கு வேலையா? மூஞ்சி? நாய்க்கு என்ன பெரிய மூஞ்சி? கத்தும், நாறும், கால்ல வந்து ஒட்டும். ஆச்சு. எங்க, வரச் சொல்லு உன் செல்லத்தை."

தங்கையின் விரல்கள் நின்றன.

"அண்ணா, அதைத் திருப்பி எடுத்துக்கோ."

"எதை?"

"இப்ப நினைச்சதை. நினைக்கிறபடிதான் அவங்க வருவாங்க. ஒண்ணையாவது ஒழுங்கா நினைச்சுப் பாரு. சீக்கிரம்."

"எனக்கு உத்தரவு போடறியா?"

அப்போது தோட்டத்துக் கதவை ஏதோ கீறியது.

நகம் கீறுகிற சத்தம் இல்லை அது. நகம் எப்படி இருக்கும் என்று தெரியாத ஒன்று கீறுகிற சத்தம். மிதியடியில் கிடந்தது எழுந்து தங்கைக்குப் பின்னால் போனது. மூன்று கால் நகங்களும் அவசரமாக அங்கே போயின. வக்கீல் குரைக்கவில்லை. தங்கைக்குப் பின்னாலிருந்து, மிக மெல்லிசாக, மூன்று தொண்டைகள் முனகின.

தாழ்ப்பாள் போட்டிருந்த கதவு திறந்தது.

நடை கேட்டது. பெரியவர் தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கினார். நாலு. அடுத்து மூன்று. அடுத்து ஐந்து. எண்ணிக்கை நிற்கவே இல்லை. அவர் எண்ண மாட்டேன் என்று சொன்னது எதுவோ அதுதான் வந்துகொண்டிருந்தது.

"நாலு கால்னு நினை அண்ணா" என்றாள் தங்கை. "பாட்டிக்கு நாலு கால். நல்லா நினை."

மகள் சமையலறை நிலையில் நின்றிருந்தாள். வருவதை அவளும் பார்த்தாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது கூடத்துக்குள் வந்தது. உயரம் நாயின் உயரம். சொறி, அவர் சொன்னபடியே, உடம்பெல்லாம். ஒரு மயிர் இல்லை. கால்கள் வயிற்றின் கீழ் எங்கெங்கோ இருந்தன, சில தரையைத் தொட்டன, சில தொடவில்லை. வால் இருந்தது. ஆடியது.

முன்பக்கம், மூஞ்சி இருக்க வேண்டிய இடம்.

"மூஞ்சியை நினை" என்று தங்கை கெஞ்சினாள். "ஒரு கண்ணாவது. மூக்காவது. மாசா மாசம் வந்து இந்த மேஜையில சாப்பிட்டியே அண்ணா. பாட்டி உன் கால்லயே கிடப்பாளே."

அவர் நினைத்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கை சொன்னதைச் செய்தார். மேஜைக்கு அடியில் பாதத்தின் மேல் ஒரு சூடான கனம், அது ஞாபகம் இருந்தது. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அதை உதைத்துத் தள்ளியது ஞாபகம் இருந்தது. தள்ளியபின் அது மறுபடி வந்து வைத்துக்கொண்டது ஞாபகம் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை, அத்தனை வருஷம். ஒருமுறையாவது குனிந்திருந்தால். கண் என்ன நிறம்? குருட்டுக் கண். வெள்ளையா? நீலமா? மூக்கு கறுப்பா? எல்லா நாய்க்கும் கறுப்புதானா?

ஒன்றும் இல்லை. பார்த்ததே இல்லை.

மகள் ஃபோனை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "மாமா, இதான் பாட்டி. பாருங்க." திரையில் நரைத்த முகம், பால் படிந்த கண்கள், நல்ல முகம். பார்த்தார். இப்போது பார்ப்பது நினைவாகுமா? கூடத்துக்குள் வந்தது மாறாமல் அப்படியே நின்றது.

"நான் நினைச்சா அது என் பாட்டியா ஆகாதா?" தங்கை தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். பிறகு தலையை ஆட்டினாள். "இது என்னோடது இல்ல அண்ணா. இது உன்னோடது."

அது அவரை நோக்கி வந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது. அது நாற்காலிக்கு முன் நின்று, தன் முன்பக்கத்தை அவர் பாதத்தின் மேல் வைத்தது. சூடாக இருந்தது. கனமாக இருந்தது. உதைத்தார். நகர்ந்தது. மறுபடி வந்து வைத்துக்கொண்டது.

பிறகு, யாராவது தன்னைப் பார்ப்பார்களா என்று, அவரை நோக்கி அண்ணாந்தது. கழுத்திலிருந்து உச்சிவரை ஒரே தோல். மடிப்பில்லை, ஓட்டையில்லை, கண் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்கூட இல்லை. அந்தத் தோலுக்கு உள்ளேயிருந்து, மூடிய பெட்டிக்குள் கேட்பதுபோல், அது இரண்டு தடவை குரைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தது.

மறுநாள் காலையில் பெரியவர் தங்கையை அழைத்துப் போகவில்லை. தனியாகத்தான் கிளம்பினார், தனியாகத்தான் ரயில் ஏறினார் என்று டிக்கெட் பரிசோதகர் சொல்வார். அவர் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே, வழி நெடுக, பாதத்தின் மேல் கனம் இருந்தது.

அவர் இருக்கும் தெருவில் இப்போது ஒரு பேச்சு உலாவுகிறது. நாய் என்றாலே முகம் சுளித்த மனிதர் வயசான காலத்தில் மனசு இளகி, தங்கையைப் போலவே ஒரு தெருநாயை எடுத்து வளர்க்கிறாராம். அது அவர் காலடியை விட்டு நகர்வதில்லையாம். தன் தட்டிலிருந்தே அதற்குச் சோறு வைக்கிறாராம். கேட்டுவிட்டு உச்சுக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பொய். அவர் மனசு இளகவில்லை. அது நாயும் இல்லை. சோறு வைத்தது ஒரே ஒரு நாள்தான். தின்ன அதற்கு வாய் கிடையாது.