இடப்பக்கம் சாயும் வண்டி

மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டில் இருந்த அந்தப் பழைய பங்களாவுக்குக் குடிபோன அன்று, சாமான் லாரி வந்து சேர்வதற்குள் மழை விட்டிருந்தது. ஓட்டுக்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு நனைந்து கறுத்துப் படுத்துக் கிடந்தது. குணசுந்தரி பால் காய்ச்ச அடுப்படியைத் தேடிப் போனாள். அவள் கணவர் தசரதன் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. மகள் பவ்யாவைக் கூட்டிக்கொண்டு நேரே கொல்லைப்பக்கத்து மோட்டார் ஷெட்டுக்குப் போனார்.

அந்த வீட்டை அவர் வாடகைக்குப் பிடித்ததே ஷெட்டுக்குள் இருந்த பொருளுக்காகத்தான்.

கருங்கற்களின் மேல், சக்கரம் தரையில் படாமல், ஒரு சிவப்பு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் நின்றிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தோடு முடிந்துபோகாமல் அதற்குப் பிறகும் சில வருஷங்கள் ஓடிய வண்டி. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. கதவின் மரச்சட்டத்தைக் கறையான் தின்றிருந்தது. ஆனால் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்த தசரதனின் முகம் மலர்ந்துவிட்டது.

"கணீர்னு இருக்குது பாரு பவ்யா. இதை எழுப்பிடலாம்."

வீட்டுக்காரி ஐடா எண்பதைத் தாண்டிய ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. பெங்களூரில் உறவுக்காரர்களோடு இருந்தார். வண்டியைப் பற்றிக் கேட்டபோது போனிலேயே சொல்லிவிட்டார். "இன்னா வேணா பண்ணிக்க மேன். எனக்கு அது கண்ணுல படவே வேணாம்."

தசரதன் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பகலெல்லாம் மண்ணை வாரும் ராட்சத வண்டிகளைக் கோத்துவிட்டு வருபவருக்கு இந்தக் குட்டி வண்டி கைக்குழந்தை மாதிரி இருந்தது. பவ்யா ஆட்டோமொபைல் படித்து முடித்திருந்தாள். அப்பாவும் மகளும் எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள், கழுவினார்கள், கோத்தார்கள். பழையபடி மட்டும் செய்தால் போதாது என்றாள் பவ்யா. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. ஐந்து கியர் பெட்டி வந்தது. கறையான் தின்ற சட்டம் போய்த் தேக்கு வந்தது. குணசுந்தரி இரண்டு பேருக்கும் சாப்பாட்டை ஷெட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் பவ்யாவுக்கு வேலை கிடைத்தது. கார் வடிவமைக்கும் ஒரு கம்பெனி. அவள் கனவு கண்ட வேலை.

தசரதன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்காமலே கேட்டார். "பெங்களூர்ல கெடைக்காத வேலையா? எல்லாரும் தெனம் ரயில்ல போய்ட்டு வரல?"

"இந்த வேலை அங்க இல்லப்பா."

"வண்டி முடியட்டும். அப்புறம் பேசலாம்."

அதன்பிறகு வண்டி முடியவே இல்லை. ஒரு வேலை முடிந்தால் அவர் அடுத்ததைக் கண்டுபிடித்தார். வயரிங் முழுக்க மாற்றலாம் என்றார். ரேடியேட்டருக்கு மின்விசிறி வைக்கலாம் என்றார். பவ்யாவுக்குப் புரியாமல் இல்லை. சேர வேண்டிய தேதியைக் கம்பெனியிடம் கெஞ்சித் தள்ளிப்போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே வேலை செய்தாள்.

கற்களை எடுத்துவிட்டு வண்டியை முதல்முறையாக அதன் சக்கரங்களில் இறக்கிய ஞாயிற்றுக்கிழமைதான் தசரதன் அதைக் கவனித்தார்.

வண்டி இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

தரை வாட்டமாக இருக்கும் என்று நினைத்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரை சரியாக இருந்தது. பின்பக்கத்து ஸ்பிரிங் பிளேட் செட்டைக் கழற்றிப் புதியது போட்டார். முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றினார். இறக்கினார். மெதுவாக, முனகிக்கொண்டே, வண்டி மறுபடி இடப்பக்கம் தாழ்ந்தது.

இடப்பக்க சீட்டைக் கழற்றினால் நேராக நின்றது.

மாட்டினால் சாய்ந்தது.

"சீட்டு இன்னா வெயிட்டு இருக்கப்போவுது? நான் ஒரு கையில தூக்கறேன்," என்றாள் பவ்யா. அவள் சிரிக்கவில்லை. குனிந்து சீட்டை முகர்ந்து பார்த்தாள். "அப்பா, இதுல சைலன்சர் புகை நாத்தம் அடிக்குதுப்பா."

"பழைய சீட்டு. அப்படித்தான் இருக்கும்."

"எஞ்சின் இன்னும் ஒருதடவைகூட ஸ்டார்ட் பண்ணலயே."

தசரதன் அந்தச் சீட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். பெங்களூரில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து இந்தக் காலத்து சீட்டுகள் இரண்டு வாங்கி வந்தார். பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் கூவி எச்சரிக்கும் வகை. பவ்யா அதற்கு வயர் இழுத்து பேட்டரியோடு இணைத்தாள். சோதித்துப் பார்க்க அவர் சாவியைத் திருப்பினார்.

டிங். டிங். டிங்.

இரண்டு பேரும் வண்டிக்கு வெளியேதான் நின்றிருந்தார்கள்.

கூவியது இடப்பக்க சீட்டு. அதன் மெத்தை நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. சற்று நேரம் கழித்து பவ்யா கை நீட்டி, அந்த வெறும் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

சத்தம் நின்றது.

"ஷார்ட் சர்க்யூட்," என்றார் தசரதன். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அந்த வாரம் குணசுந்தரி ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து வந்தபோது, மகள் தூங்கும் அறையின் வாசலில் கணவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். அவர் அப்படி நிற்கிறவரே இல்லை.

"இன்னாங்க, இங்க நின்னுக்கினு இன்னா பண்றீங்க?"

அவர் திரும்பினார். அவளை யாரென்று தெரியாதவர் மாதிரி ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கினார். "தண்ணி குடிக்க வந்தேன் குணா," என்றார். தண்ணீர்ப் பானை அடுப்படியில் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை எஞ்சின் முதல்முறையாக உயிர் பெற்றது. இருமியது, உதறியது, பிறகு ஒரே சீராக உறுமத் தொடங்கியது. பவ்யா துள்ளிக் குதித்தாள். எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை, ஐடிலிங்கை, சரிசெய்ய வேண்டியிருந்தது. அவள் வலப்பக்கம் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிக்க, தசரதன் கார்புரேட்டரைத் திருகினார். ஷெட்டின் இரட்டைக் கதவு அகலத் திறந்திருந்தது. வெயில் உள்ளே விழுந்திருந்தது.

"அப்பா, வண்டி முடிஞ்சிடுச்சு. நான் புதன்கிழமை கெளம்பறேன். டிக்கெட் போட்டுட்டேன்."

அவர் நிமிர்ந்தார்.  "சின்ன திருப்புளி எடுத்தாரேன். அப்படியே மிதிச்சிக்கினு இரு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

டிங். டிங். டிங்.

எங்கோ தூரத்தில் கேட்டது. டிங். டிங். நிற்காமல், அவசரமாக, யாரோ விரலால் மண்டைக்குள் தட்டுவது போல. தசரதன் கண்ணைச் சிமிட்டினார். ஷெட்டுக் கதவுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தார். கைகள் பின்னால் கட்டியிருந்தன.

கதவு சாத்தியிருந்தது.

வெளிப்பக்கத்து இரும்புத் தாழ்ப்பாள் முழுக்கத் தள்ளப்பட்டிருந்தது.

உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவின் அடியிலிருந்து நீலப் புகை அவர் பாதத்தின் மேல் கசிந்தது.

"பவ்யா!"

தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தார். புகை மூஞ்சியில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். பவ்யா டிரைவர் சீட்டில்தான் இருந்தாள். கண் மூடியிருந்தது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பெல்ட் கழன்று கிடந்த அந்த வெறும் சீட்டுக்கு மேலே, அவள் தலை அந்தரத்தில் நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தோளில் சாய்ந்த மாதிரி.

அடியில் ஒன்றுமே இல்லை.

அவர் அவளைத் தொட்டதும்தான் தலை தொங்கிச் சரிந்தது. வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். குணசுந்தரி அலறிக்கொண்டு வந்தாள். ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தசரதன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் துருக்கறை இருந்தது. திறந்தபோது ஒட்டியதாக இருக்கலாம். இடது கையிலும் இருந்தது. இடது கையால் அவர் தாழ்ப்பாளைத் தொடவே இல்லை.

ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் பவ்யா கண் திறந்தாள். அம்மாவை காபி வாங்கி வர அனுப்பிவிட்டு, அப்பாவை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏம்ப்பா தாழ்ப்பாள் போட்ட?"

"நான் இல்லம்மா..."

"கால் மரத்துப்போயி எழுந்திருக்க முடியல. கத்தினேன். கதவு இடுக்குல உன் கண்ணு தெரிஞ்சுது. நீ என்னையே பாத்துக்கினு இருந்த. இங்கிலீஷ்ல பேசின."

 தொழிற்சாலை இங்கிலீஷ் நாலு வார்த்தைக்கு மேல் அவருக்கு வராது. "இன்னா பேசினேன்?"

"'யூ வில் ஸ்டே இன் மை ஹவுஸ், கேர்ள்.' திரும்பத் திரும்ப அதேதான். பொறுமையா. கோவமே இல்லாம." அவள் கண்ணில் நீர் முட்டியது. "அப்புறம் யாரோ பக்கத்துலர்ந்து என் கையைப் புடிச்சிக்கினாங்க. பெல்ட்டைக் கழட்டற சத்தம் கேட்டுது."

தசரதன் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து ஐடாவுக்குப் போன் போட்டார். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்குதா?" என்றார் ஐடா. "நீங்க சொல்லவே இல்லயே மேன்."

"நீங்க கேக்கலயே மேடம்."

அந்த முதிய குரல் மெல்லச் சொல்லத் தொடங்கியது. ஐடாவுக்கு டோரீன் என்று ஒரு அக்கா இருந்தாள். ஆஷ்லி என்ற பையன் அவளைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் போக ஆசைப்பட்டான். அது அவன் வண்டி. பங்காருபேட்டையில் ரயில் பிடிப்பதாகத் திட்டம். ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு, அவளை இடப்பக்கம் உட்கார வைத்துவிட்டு, அவள் பெட்டியை எடுத்துவர வீட்டுக்குள் போனான்.

"டாடி மைன்ல ஷிஃப்ட் பாஸ். ரொம்பப் பாசம் எங்க மேல. ஆஷ்லியை வீட்டுக்குள்ளயே பூட்டிட்டு வந்து, ஷெட் கதவைச் சாத்தினார். பயமுறுத்தத்தான் சாத்தினேன்னு சொன்னார். அவர் சொன்னதை எல்லாரும் நம்பினாங்க. நான் சின்னப் பொண்ணு. ஜன்னல்லர்ந்து பாத்துக்கினு இருந்தேன். கையைப் பின்னால கட்டிக்கினு அங்கயே நின்னார் மேன். சத்தம் நிக்கற வரைக்கும் நின்னார்." ஐடா மூக்கை உறிஞ்சினார். "சாகற வரைக்கும் அந்த வீட்டை விட்டு எங்கயும் போகல."

தசரதன் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். குணசுந்தரியும் பவ்யாவும் ஆஸ்பத்திரியிலிருந்து உறவினர் வீட்டுக்குப் போனார்கள். பங்களாவின் சாமான்களையும் அந்த வண்டியையும் நண்பர்களோடு பட்டப்பகலில் ஏற்றி, ராபர்ட்சன்பேட்டையில் புதிதாகக் கட்டிய ஒரு சின்ன வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒவ்வொரு அறைக்கதவிலும் வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே கழற்றிக் குப்பையில் போட்டார்.

பவ்யா சென்னை கிளம்பிய நாளில், அவளே கேட்டாள்.

"அப்பா, ஸ்டேஷனுக்கு அந்த வண்டியிலயே போகலாம்பா. அவங்களையும் கூட்டிக்கினு."

"யாரை?" என்று அவர் கேட்கவில்லை.

பவ்யாவே ஓட்டினாள். தசரதன் அவள் சாமானைக் கட்டிக்கொண்டு பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். பங்காருபேட்டை ரோட்டில் அந்தச் சிவப்பு வண்டி இடப்பக்கம் சாய்ந்தபடியே, பெல்ட் மாட்டிய வெறும் சீட்டோடு, அழகாக ஓடியது. எதிரே வந்த பஸ்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, பவ்யா இறங்கிச் சுற்றிவந்து, இடப்பக்கத்துக் கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றினாள்.

ஸ்பிரிங் ஒருமுறை முனகியது. வண்டி எழும்பி நேராக நின்றது.

தசரதன் பிளாட்பாரத்தில் நின்று அழுதார். "போய்ட்டு வாம்மா. எப்ப தோணுதோ அப்ப வா. வரலேன்னாலும் பரவால்ல."

நாலைந்து மாதம் நிம்மதியாகப் போனது. அவர் நன்றாகத் தூங்கினார். வண்டி நேராகவே நின்றது. ஆயுதபூஜைக்கு பவ்யா வந்தாள். முகம் தெளிந்து, சற்றே சதை போட்டிருந்தாள். இரவெல்லாம் கதை பேசிவிட்டுத் தன் அறைக்குப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை கூடத்தில் வெயில் வந்த நேரம். தசரதன் தரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் குணசுந்தரி பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். பவ்யாவின் அறைக்கதவு உள்ளிருந்து ஒருமுறை அசைந்தது. மறுபடி அசைந்தது. திறக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

கதவுக்கு முன்னால் யாரும் இல்லை.

உள்ளேயிருந்து மகளின் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு. கதவு மேல சாஞ்சிக்கினு நின்னா நான் எப்படித் திறக்கறது?"