பதினேழாம் படி

காலை ஆறு மணிக்குச் சுவரில் நண்டு வந்து நின்றது. ரொசாலி இன்னும் பல்கூடத் துலக்கவில்லை. சுவரில் ஒளிரும் எழுத்துக் கட்டங்களில் நண்டு ஒவ்வொன்றாகத் தாவும். கட்டத்தில் உள்ள எழுத்தின் ஒலியை அவள் சொல்ல வேண்டும். ட, ப, ம என்று பதினாறு கட்டங்களை மளமளவென்று தாண்டினாள். பதினேழாவது, கடைசிக் கட்டத்தில் நண்டு கொடுக்கை உயர்த்தியது.

"பழம்" என்றது.

"பளம்" என்றாள் ரொசாலி.

"கிட்ட வந்துட்டீங்க. நாளைக்குப் பார்க்கலாம்."

பதினோரு வருடமாக இதே பதில். சுவரில் இல்லாமல் தரையில் இருந்தால் என்றைக்கோ மிதித்துக் கொன்றிருப்பாள்.

ஆட்டம் முடிந்ததும் கண்வில்லையில் அன்றைய எழுத்துகள் திறந்தன. கண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிறு வில்லையைப் போடாதவர்கள் நெய்தல்புரத்தில் இல்லை. கடைப் பலகைகளும் பேருந்து நிறுத்தங்களும் வெறும் தகரமாக நின்றன. எந்த எழுத்தும் பார்ப்பவருடைய வில்லையில்தான் தெரியும், அதுவும் அவரவர் தாண்டிய படி அளவுக்கு மட்டும். ஒரு கட்டம் ஒரு படி.

மகள் நிலானிக்கு இரண்டு மாதமாக வயிறு சரியில்லை. அன்று பாலைக்கூட வாந்தி எடுத்தாள், அதில் ரத்தம் இருந்தது. ஆலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ரொசாலி ஆறு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இவளுக்குக் குழாய்த் தண்ணியா குடுக்குறீங்க?"

"ஆமா டாக்டர். வேற எந்தத் தண்ணி இருக்கு?"

"மூணு மாசம் முன்னாடியே அறிவிப்பு வந்துச்சே. படிக்கலையா?"

"படிச்சனே. நீர் வாரியம் உங்க நலத்துல அக்கறையா இருக்குன்னு போட்டிருந்துச்சு. அப்புறம் நன்றி."

டாக்டரம்மா தன் கைப்பலகையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள். "ஏழாம் பகுதிக் குழாய்களில் ஆலைக் கழிவு கலந்துள்ளது. குழந்தைகளுக்கு அந்நீரைக் கொடுக்காதீர்கள்."

ரொசாலி எட்டி அதே பலகையைப் பார்த்தாள். முதல் வரியை அடுத்து நன்றி இருந்தது. நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லை.

நிலானியை ஊசிமருந்தோடு படுக்கையில் விட்டுவிட்டு, நேரே படிநிலை அலுவலகத்துக்குப் போனாள். அலுவலர் திலகன் நாற்பது வயதுக்காரர். அவள் பேசி முடிக்கும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அறிவிப்புக்கு அடியில 'படித்தேன்'னு அழுத்தியிருக்கீங்க."

"தெரிஞ்சத படிச்சேன் சார். தெரியாதத நீங்க மறச்சா நான் எப்படிப் படிக்க?"

"மறைக்கலம்மா. உங்க படிக்கு மேல உள்ள எழுத்து ஒரு வாக்கியத்துல வந்தா, அந்த வாக்கியம் உங்களுக்கு வராது. ஓட்டை விட்டா நீங்க ஊகிப்பீங்க. ஊகிக்கிறது படிப்பு இல்ல. ஒரு ஒலி, அப்புறம் அடுத்த ஒலி, அவ்வளவுதான் முறை."

"எம்புள்ள அங்க ரத்தமா வாந்தி எடுக்கா. நீங்க முறை சொல்லுதிய."

முதல் முறையாக அவர் நிமிர்ந்து பார்த்தார். "எட்டு வயசு வரைக்கும் எனக்கு ஒரு எழுத்தும் நிக்காது. வகுப்புல முட்டாள்னுதான் கூப்பிடுவாங்க. இந்த நண்டுதான் என்னைப் படிக்க வெச்சுது. அதைக் குறை சொல்ல இங்க வராதீங்க."

மேசைமேல் இருந்த தம்ளரில் ரொசாலி விரலை நனைத்தாள். கண்ணாடி மேசையில் ழ என்று பெரிதாக எழுதினாள்.

"பதினோரு வருசமா தினமும் கட்டத்துல பாக்கேன். எளுத வருது. பாத்தா தெரியுது. வாய்ல மட்டும் எங்க ஊருக்கே வராது. எங்க அம்மைக்கும் வராது, எங்க சாமியாருக்கும் வராது."

"ஒலி வந்தாத்தான் படி."

அவர் கைக்குட்டையால் மேசையைத் துடைத்தார். பிறகு ஒரு படிவத்தைத் திறந்தார்.

"ஒரு வழி இருக்கு. குரல்விலக்கு. நாக்குல குறைன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா எல்லா எழுத்தும் திறந்துடும். மஞ்சள் பட்டை கட்டிக்கணும்."

"என் நாக்குல என்ன சார் குறை?"

"போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்."

அவர் முகத்தில் துப்ப வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அடுத்த அறிவிப்பும் இப்படி மறைந்துபோனால் பிள்ளை என்ன ஆவாள் என்றும் நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். இடது மணிக்கட்டில் மஞ்சள் பட்டை இறுகியது.

வெளியே வந்ததும் தெரு நிறைய எழுத்துகள் முளைத்திருந்தன. எதிரே குளத்துச் சுவரில் 'ஆழம், இறங்காதீர்' என்று இருந்தது. வடிகாலின் மேல் 'கழிவுநீர்' என்று இருந்தது. பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவள், தன் குடியிருப்பு வாசலில் 'ஏழாம் பகுதி' என்று பார்த்து ஒரு நொடி நின்றாள். உள்ளே பொதுக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் குடங்களோடு வரிசையில் இருந்தார்கள்.

"யாரும் பிடிக்காதிய. கொளாய்த் தண்ணில ஆலைக் களிவு கலந்திருக்கு. மூணு மாசமாச்சு" என்றாள்.

முன்னால் நின்ற பிரகாசி கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி. "நானுந்தான் அந்த அறிவிப்பப் படிச்சேன். அப்படி ஒண்ணும் இல்ல."

"ஒனக்குக் காட்டல பிரகாசி. எனக்கும் காட்டல. நெசமாத்தான் சொல்லுதேன்."

"எங்களுக்குத் தெரியாதது ஒனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

ரொசாலி தன்னை அறியாமல் மணிக்கட்டைப் புடவைக்குள் இழுத்தாள். பிரகாசி அதற்குள் பார்த்துவிட்டாள்.

"மஞ்சப் பட்டையா? வாசிக்க வராதுன்னு எளுதிக் குடுத்துட்டு வந்து எங்களுக்கு வாசிச்சுக் காட்டுதியோ?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "தள்ளி நிக்கச் சொல்லு அவள. தண்ணி நின்னுரும்" என்றது.

பிரகாசி குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தாள். ரொசாலி குடத்தைக் காலால் தள்ளினாள். அது உருண்டு நெளிந்தது. பிரகாசியின் அறை ரொசாலியின் கன்னத்தில் விழுந்தது. காது விண்ணென்று ஒலித்தது. அவள் திருப்பி அடிக்கவில்லை. குழாயை இறுக மூடி, அதன்மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

குடங்களைத் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் அவளை நோக்கி வந்தார்கள்.