பாப்பா காட்டிய டாட்டா

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததுமே பாப்பா முன்சீட்டுப் பெரியவருக்கு டாட்டா காட்டினாள். அவரோ எங்கும் கிளம்பவில்லை. அப்போதுதான் வந்து பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அட, வந்ததும் வராததுமா என்னை வழியனுப்புறியே!" என்று சிரித்தார். பாப்பாவின் அம்மாவும் சிரித்துவைத்தாள்.

ஒன்றரை வயசுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் பறப்பதே பெரும்பாடு. இதில் கணவன் வேறு கவுன்ட்டரில் என்னவோ பேசி, கடைசி வரிசைக்குப் போய்விட்டான். "பக்கத்துல சீட் இல்லையாம்மா. நீ சமாளிச்சுக்குவ." அவள் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. இறங்கட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்ததும் ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே கும்மிருட்டு. எஞ்சினின் ஓயாத இரைச்சலும், அதற்கடியில் யாரோ இருமுவதும், புளித்த பால் வாடையும், கழிப்பறைக் கதவு திறக்கும்போதெல்லாம் கூரையில் நீண்டு சுருங்கும் நிழலும், மடியில் வெதுவெதுவென்று பாப்பாவின் பாரமுமாக அவளுக்குக் கண் சொருகியது. விழித்தபோது பணிப்பெண் பெரியவரின் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா? ஐயா?"

கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து அவர் முகத்தை மூடினாள். பணிப்பெண் நிமிர்ந்ததும் பாப்பா அவளைப் பார்த்து, பிஞ்சு விரல்களை மடக்கி விரித்தாள். டாட்டா.

கொஞ்ச நேரத்தில் பின்னால் திரைக்கு அந்தப்பக்கம் பொத்தென்று ஏதோ விழுந்தது. தண்ணீர் பாட்டில்கள் உருண்டு வந்தன. யாரோ அலறினார்கள். விழுந்தது அதே பணிப்பெண்.

அவள் குனிந்து மடியிலிருந்த பாப்பாவைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் பெரியப்பா நன்றாகத்தானே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்? பாப்பா டாட்டா காட்டினாள். சாயங்காலமே மனுஷன் போய்விட்டார். அதற்கப்புறம் கணவன் பாப்பாவை முகம் பார்த்துத் தூக்கியதே இல்லை. எப்போதும் அவள் முதுகைத் தன் மார்போடு சேர்த்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பித்தான் தூக்குவான். "வேடிக்கை பார்க்கட்டுமே" என்பான்.

பாவி. தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் இவளை மட்டும் மடியில் பிள்ளையோடு உட்காரவைத்திருக்கிறான். பத்து வருஷம் கூட வாழ்ந்தவன்!

பாப்பாவின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். பாப்பா வீறிட்டாள்.

"ஏம்மா, பச்சப்புள்ளைய இப்படியா போட்டு அமுக்குவ?" என்று அடுத்த வரிசைக்காரி அதட்டினாள்.

அழுகை கேட்டுக் கணவன் வந்துவிட்டான். எல்லாரும் பார்க்கிறார்களே, வராமல் என்ன செய்வான்? முகம் வெளுத்திருந்தது.

"தெரிஞ்சேதான தள்ளி உக்காந்தீங்க?"

அவன் குனிந்து பாப்பாவை வாங்கிக்கொண்டான். அவள் பிடி தளர்ந்தது. எவ்வளவு கோபமிருந்தும், ஒரு நொடி, அப்பாடா என்றிருந்தது.

அப்பாவைக் கண்டதும் பாப்பாவின் அழுகை நின்றது. சிரித்தாள். அவன் முகத்துக்கு நேராகக் கை எழும்பியது.

சட்டென்று திருப்பினான்.

முதுகு அவன் மார்பில். முகம் இவளுக்கு நேராக.

"வேண்டாங்க..."

எழப் பார்த்தாள். பெல்ட். விரல் வழுக்கியது.

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"அம்மாவுக்குக் காட்டு, தங்கம். அம்மாவுக்கு."

பாப்பா சிரித்துக்கொண்டே விரல்களை மடக்கினாள். விரித்தாள்.