சீல் எங்கே, அனிட்டா?

செல்போன் அலறியது.

மருந்துக் கடை வாசலில் நின்ற அனிட்டா எடுத்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ்!

"அக்கா, சீக்கிரம் வாங்க! உங்கப்பாவுக்கு ஆபரேஷன் வேணாம்னு உங்கண்ணன் எழுதிக் குடுத்துட்டாரு..."

"இன்னாது?!"

கள்ளக்குறிச்சி வெயிலில் ஓடினாள்.

தைரியநாதன். வயது அறுபத்தேழு. இருபத்தெட்டு வருஷம் வெள்ளிமலைக்குப் பஸ் ஓட்டியவர். ஒரு வளைவில்கூடச் சறுக்காதவர், நேற்று மாலை மலைமேல் தன் வீட்டுப் படியிலேயே சறுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாராம். அப்போது கூட இருந்தது மகன் பிரிட்டோ மட்டும்.

டாக்டர் சிவசங்கர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து.

"மூளையில ரத்தம் கட்டியிருக்கும்மா. ரெண்டு மணிக்குள்ள ஆபரேஷன் பண்ணா பொழைச்சுக்குவாரு. தாண்டிட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப பண்ணுங்க டாக்டர்!"

அவர் ஒரு பத்திரத்தை நீட்டினார்.

"உங்கப்பாவோட லிவிங் வில். நினைவு தப்பினா ஆபரேஷன் வேணாம், மெஷின் வேணாம்னு எழுதியிருக்காரு. முடிவெடுக்க வேண்டியது மகன் பிரிட்டோ."

"பொய்!"

அனிட்டா பையிலிருந்து பிளாஸ்டிக் ஃபைலை உருவினாள்.

"அப்பா எழுதினது இது! பொழைக்க வழியே இல்லன்னு டாக்டருங்க சொன்னாத்தான் மெஷின நிறுத்தணும். அதயும் நாந்தான் சொல்லணும். ரெண்டு சாட்சி, நோட்டரி... எல்லாம் இருக்கு!"

"இதுலயும் இருக்கு. தேதியும் உங்களுதுக்கு அப்புறம். அதோட, உங்க ஊர் உள்ளாட்சி ஆபீஸ் சீல். பாதுகாப்பு அலுவலர் கையெழுத்து. பதிவு எண் நாலு. உங்களுதுல சீல் எங்கேம்மா?"

சீல்!

அனிட்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பதிமூன்று மாதம்! இந்தப் பத்திரத்தின் நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் 'பாதுகாப்பு அலுவலர்' ஒருவர் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. சொல்லி என்ன? அனிட்டா பதினோரு தடவை போனாள். 'ஆபீசர் மீட்டிங்ல' என்றார்கள். 'வில்லா? ரிஜிஸ்டர் ஆபீஸ் போங்க' என்றார்கள். அங்கே போனால், 'சொத்து எங்கே?' என்றார்கள். ஒருத்தர் இறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தையே கையில் கொடுத்தார், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே! திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மூன்று மனு. ஒவ்வொன்றும் சுற்றிச் சுற்றி அதே உள்ளாட்சி ஆபீஸ் குமாஸ்தா இளவரசன் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

"டாக்டர், பொழைக்கிற ஆளுக்கு வைத்தியம் வேணாம்னு சொல்றதுக்கா அந்தச் சட்டம்? உங்களுக்கே தெரியும்ல?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தெரியும்மா. ஆனா சீல் வச்ச பேப்பர மீறிக் கத்திய வச்சா, நாளைக்கு கோர்ட்ல நிக்கப்போறது நான்."

"அப்பா சொன்ன மாதிரி செய் அனிட்டா." பிரிட்டோ பின்னாலிருந்து வந்தான். சிவந்த கண்கள். சுத்தமாக மழித்த முகம். "பாவம்... கஷ்டப்படாம போவட்டும்."

"நீ பேசாதடா!"

பன்னிரண்டரை...

விபத்துத் தகவல் கிடைத்து, வாக்குமூலம் வாங்க வந்தார் இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி. இரண்டு பத்திரங்களையும் படித்தார். பிரிட்டோவைப் பார்த்தார்.

"இத யாருங்க ஆபீஸ்ல குடுத்தது?"

"நாந்தான் மேடம். போன மார்ச்சுல அப்பாவ வண்டில கூட்டிக்கினு போனேன். அந்தப் பாதுகாப்பு ஆபீசரே எழுந்து வந்து வாங்கிக்கினாரு. அஞ்சே நிமிஷம்! சீல் வச்சுக் குடுத்துட்டாரு."

அனிட்டா சிரித்தாள்.

வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. ஃபைலைத் தரையில் விசிறி அடித்தாள்!

"அஞ்சு நிமிஷமா?! அந்த ஆபீஸ்லயா?! டேய்... அங்க ஃபேன் போடவே அஞ்சு நிமிஷம் ஆவும்டா!"

சிதறிய காகிதங்களில் ஒன்று இன்ஸ்பெக்டரின் ஷூவருகே வந்து நின்றது. குனிந்து எடுத்தார். போன வாரத் தேதி. அனிட்டாவின் மூன்றாவது மனுவுக்கு வந்த பதில்.

'மேற்படி பணிக்குப் பாதுகாப்பு அலுவலர் இதுநாள் வரை நியமிக்கப்படவில்லை. பதிவேடும் தொடங்கப்படவில்லை.'

இன்ஸ்பெக்டர் கடிதத்தின் அடியிலிருந்த ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இளவரசனா? இன்ஸ்பெக்டர் பேசறேன். லிவிங் வில் பதிவு எண் நாலு, யாரு கையெழுத்து போட்டது?"

"நாலா?" மறுமுனை பதறியது. "மேடம், ஒண்ணே கிடையாது! நோட்டும் இல்ல, ஆபீசரும் இல்ல. மேல எழுதிக் கேட்டிருக்கோம். சத்தியமா எங்க ஆபீஸ்ல ஒரு பேப்பர் கூட வாங்கினதில்ல!"

பிரிட்டோவின் முகம் வெளுத்தது.

"இவ... இவ மாசா மாசம் போய்க்கினு இருந்தாளே மேடம்! இவ பேப்பர எப்படியும் வாங்கி சீல் வச்சிருப்பாங்கன்னு நெனச்சுத்தான்..."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

கதவை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் நின்ற ஏட்டு ராசு காலை நீட்டினார். பிரிட்டோ தரையில் விழுந்தான், அப்பாவைப் போலவே முகம் குப்புற!

"டாக்டர்!" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "போலி சீல். நான் எழுதித் தரேன். ஆரம்பிங்க!"

ஒன்று ஐந்துக்கு ஆபரேஷன் தியேட்டர் விளக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் காலை தைரியநாதன் கண் திறந்தார். அனிட்டாவின் விரலை இறுகப் பிடித்தார்.

"மாட்டுக் கொட்டாயில... சந்தனக்கட்டை. ஃபாரஸ்ட்ல சொல்லிடுவேன்னேன்... புடிச்சித் தள்ளிட்டான்மா." பெற்றவரின் கண்ணோரம் நீர் வழிந்தது. "என் புள்ள..."

அனிட்டா துடைத்துவிட்டாள். அவளுக்கும் தாங்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டாவது தடவையாக அதே ஆபீஸ். அதே ஃபைல். அதே மேஜை.

"இப்பவாவது வாங்கிக்கிறீங்களா சார்?"

இளவரசன் டீயை ஒரு வாய் உறிஞ்சினான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"இன்னாம்மா இப்படி கேக்கற? நாங்க மட்டும் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா... உங்கப்பா இன்னேரம் செத்திருப்பாரு!"