ராகு காலச் சிகிச்சை

அன்று செவ்வாய்க்கிழமை, ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குப் போர் நின்றுவிடும். செவ்வாய்க் கிரகத்தின் பனிவயல்களுக்காக ஐந்தாண்டுகளாகப் பொருதிவந்த வடகுடியும் தென்குடியும், ராகு காலத்தில் சுடுவதில்லை என்பதில் மட்டும் ஒரே மனத்தினராக இருந்தன.

போர்முனைக்கு வந்த முதல் பெண் அறுவை மருத்துவரான பொற்கொடி, இரண்டே முக்காலுக்கு அறுவைக்கு ஆயத்தமானார். வடகுடித் தளபதி குழந்தைவேலுவின் இதயத்தருகே குண்டுச் சில்லு ஒன்று தங்கியிருந்தது. இன்றே எடுக்காவிட்டால் அவர் பிழைப்பது அரிது. அதை எடுக்கும் நுண்தையலி என்னும் கருவியோ, தரை சற்று அதிர்ந்தாலும் தானாக உறங்கிவிடும். நாள் முழுவதிலும் தரை அதிராத நேரம் அந்த ஒன்றரை மணி மட்டுமே.

"ஏம்மா, பெரிய டாக்டர் எப்ப வருவார்?" என்று கேட்டார் தளபதி.

"வந்து அரை மணி நேரமாச்சு ஐயா. உங்க நாடியத்தான் பிடிச்சிட்டிருக்கார்."

தளபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க டாக்டர். ஆனா மூணு மணிக்கு ராகு காலம். அதுல கத்தி வைக்க விடமாட்டேன்."

தாதியன் என்னும் பணிவிடை எந்திரம், நோயாளியின் இசைவின்றி அறுவை விளக்கை ஏற்ற இயலாமைக்கு வருந்துவதாகத் தெரிவித்தது.

"உங்களுக்குக் குண்டடி பட்டது எப்ப ஐயா?"

"காலையில. நல்ல நேரம் பார்த்துத்தான் பதுங்குகுழிய விட்டுக் கிளம்பினேன்."

பொற்கொடி கையுறைகளை மாட்டிக்கொண்டார். தளபதி தம் மார்புக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல, "சரி, போடுங்க விளக்க" என்றார்.

நான்கே காலுக்குச் சில்லு தட்டில் விழுந்தது.

கண்விழித்த தளபதி வானொலியில் தம் படைக்கு அறிவித்தார்: நல்ல நேரம் தம்மைச் சாய்த்தது, ராகு காலம் எழுப்பி உட்காரவைத்தது, இனி ராகு காலத்தில் மட்டுமே போர். தென்குடியினர் அதை ஒட்டுக்கேட்டனர். எதிரிக்கு வாய்த்த நேரத்தை விட்டுக்கொடுக்க அவர்களுக்கும் மனமில்லை. அந்த வாரமே போர் நாளுக்கு ஒன்றரை மணியாகச் சுருங்கியது.

பொற்கொடிக்கு மகிழ்ச்சி தாளவில்லை. மற்ற நேரமெல்லாம் தரை அசையாது. எந்நேரமும் அறுவை செய்யலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு, உள்தையலை நுண்தையலியால் பிரித்துக்கொள்ளத் தளபதி வந்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சட்டையக் கழட்டுங்க ஐயா."

"மூணு மணி ஆகட்டும்மா."

"அப்பத்தான குண்டு விழும்? தரை ஆடுமே ஐயா."

"உங்க கைமேல ஒரு குறையும் இல்ல. இருந்தாலும், என்னைக் காப்பாத்துனது ராகு இல்லையா?"

சரியாக மூன்று மணிக்கு முதல் குண்டு விழுந்தது. நுண்தையலி உறங்கிப்போயிற்று. பொற்கொடி பெருமூச்சுடன், தட்டில் குலுங்கிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

தளபதி நிம்மதியாகச் சட்டைப் பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினார்.